மின்னலுக்கு வழிவிடாத வடம்

ஒரே வளாகத்தில் தள்ளித் தள்ளி நிற்கும் இரு கட்டடங்களுக்கு இடையே இணையத்தைக் கொண்டுபோக மூன்று வழிகள் உண்டு. வீட்டுக்கும் தோப்பின் மறுமூலையில் எழுப்பிய புது வீட்டுக்கும் நடுவே, அல்லது வீட்டுக்கும் மோட்டார் அறைக்கும் நடுவே, கூரை மேல் ஆன்டெனா வைத்துக் காற்றில் அனுப்பலாம். கேட் 6 எனப்படும் செம்புக் கேபிளை இழுக்கலாம். அல்லது ஒளியிழைக் கேபிளைப் பதிக்கலாம். முதல் வழிக்குத் தென்னையும் மாமரமும் பகை. ஈரமான ஓலைகள் ரேடியோ அலைகளை உறிஞ்சிவிடுவதால், மழைநாளில் இணைப்பு தள்ளாடும். இரண்டாவது வழி, நூறு மீட்டருக்குள் முடிகிற தொலைவென்றால், மலிவாகவும் எளிதாகவும் தோன்றும். ஆனால் இடிமின்னல் மிகுந்த ஊரில் அதுதான் மிக ஆபத்தான வழி. ஒளியிழை என்றதும் வேகமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. வீட்டு அளவில் அது இரண்டாம்பட்சம்தான். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க முதற்காரணம் அதுவே. கேபிளின் வகை, குழாய், முனைகள் என்று பின்னால் வரும் முடிவுகள் பலவும் இந்தக் காரணத்தை ஒட்டியே அமைகின்றன.

செம்புக் கேபிளின் நூறு மீட்டர் வரம்பு நன்கு தெரிந்ததே. ஈதர்நெட் தரவிதிகள் முறுக்கிய இணைக் கம்பிகளுக்கு அந்த அளவைத்தான் வகுத்திருக்கின்றன. அதற்கு மேல் போனால் சமிக்ஞை தேய்ந்து பிழைகள் பெருகும். இதை நடுவே ஒரு ஸ்விட்ச் வைத்துச் சமாளித்துவிடலாம். மண்ணுக்கடியில் நடக்கும் மின்னோட்டத்தை அப்படிச் சமாளிக்க முடியாது.

ஒரு மின்னல் வீச்சின் உச்ச மின்னோட்டம் சராசரியாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். தோப்பில் ஒரு தென்னையில் அது இறங்கினால், அவ்வளவு மின்னோட்டமும் வேரடியிலிருந்து மண்ணுக்குள் எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. மண்ணுக்கு மின்தடை உண்டு என்பதால், மரத்தடியில் மின்னழுத்தம் மிக உயர்ந்தும் விலக விலகக் குறைந்தும் இருக்கும். மண்ணின் மின்தடை எண் 100 ஓம்-மீட்டர் என்றும், மண் எங்கும் ஒரே தன்மை உடையது என்றும் கொண்டு கணக்கிட்டால், மரத்திலிருந்து 20 மீட்டர் தொலைவில் மண்ணின் மின்னழுத்தம் கிட்டத்தட்ட 24,000 வோல்ட். 80 மீட்டர் தொலைவில் கிட்டத்தட்ட 6,000 வோல்ட். ஒரு கட்டடம் முதல் இடத்திலும் மற்றது இரண்டாவது இடத்திலும் இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனி எர்த்துக் குழி இருந்தால், இரண்டு எர்த்துகளுக்கும் இடையே ஒரு கணம் 18,000 வோல்ட் வேறுபாடு எழுகிறது. உண்மையான மண்ணில் ஈரமும் பாறையும் கலந்திருப்பதால் எண்கள் மாறும். ஆயிரக்கணக்கான வோல்ட் என்ற அளவு மாறாது.

இந்த இரண்டு எர்த்துகளையும் இணைக்கும் செம்புக் கம்பி ஒன்று இருந்தால், மின்னோட்டம் அதன் வழியே பாயும். ஈதர்நெட் துளைக்குப் பின்னால் ஒரு சிறு மின்மாற்றி காப்பாக இருக்கிறது. அது 1,500 வோல்ட் மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்குள் இருக்கும் கேபிளுக்கு அது போதும். 18,000 வோல்ட்டுக்கு முன் அது நிற்காது. மின்னல் வீட்டின் மேல் விழவே தேவையில்லை. பக்கத்துத் தோப்பில் விழுந்தாலும் ரூட்டர், ஸ்விட்ச், கேமரா ரெக்கார்டர் எல்லாம் ஒன்றாகக் கருகுவது இப்படித்தான். உலோகக் கவசம் உள்ள கேபிளை வாங்கி அதன் இரு முனைகளையும் எர்த் செய்தால், கவசமே அந்த மின்னோட்டத்துக்குப் பாதையாகிவிடும். கோடை மழைக் காலத்திலும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியிலும் இடியை எதிர்பார்த்து வாழும் தமிழ்நாட்டுக் கிராமத்து வளாகங்களுக்கு இது ஆண்டுதோறும் வருகிற சிக்கல். கண்ணாடி இழை இந்தப் பாதையை முற்றிலும் அறுத்துவிடுகிறது. அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஒளி மட்டுமே போகும்.

ஒளியை ஒரு பொருளுக்குள் அடைத்து வளைத்துக் கொண்டுபோகலாம் என்பது பழைய செய்தி. 1840களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் டேனியல் கோலாடன், தொட்டியிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளி சிக்கி அதனுடனே வளைந்து இறங்குவதைக் காட்டினார். அடர்ந்த ஊடகத்திலிருந்து அடர்வு குறைந்த ஊடகத்தின் எல்லையை ஒளி மிகவும் சாய்வாகத் தொடும்போது, வெளியேறாமல் முழுவதும் திரும்பிவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் வரும் முழு அக எதிரொளிப்பு இதுதான். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே பிம்பத்தை அனுப்பிக் காட்டி 1954இல் கட்டுரை வெளியிட்டார். அன்றைய கண்ணாடி சில மீட்டருக்குத்தான் பயன்பட்டது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஒளி முற்றாக அழிந்துவிடும்.

அந்த அழிவு கண்ணாடியின் இயல்பால் வருவதன்று, அதில் கலந்த இரும்பு முதலிய மாசுகளால் வருவது என்று 1966இல் வாதிட்டவர் சார்ல்ஸ் காவ். இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் இருந்த ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹாக்கமுடன் அவர் எழுதிய கட்டுரை, இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லாகக் குறைத்தால் தொலைத்தொடர்புக்குக் கண்ணாடி பயன்படும் என்று இலக்கு வைத்தது. 20 டெசிபெல் என்றால் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சுகிறது என்று பொருள். நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராபர்ட் மௌரர், டொனால்ட் கெக், பீட்டர் ஷுல்ட்ஸ் மூவரும் 17 டெசிபெல்லை எட்டினர். காவுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ஒளியிழையின் இழப்பு, 1,310 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் அளவு. 1,550 நானோமீட்டரில் 0.2 டெசிபெல் அளவு. நூறு மீட்டர் இழையில் நுழையும் ஒளியில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மறுமுனைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் போகும் கேபிளிலும், 2020இல் அது திறக்கப்பட்டதிலிருந்து, இதே குடும்பத்தைச் சேர்ந்த கண்ணாடிதான் உழைக்கிறது. தோப்புக்குள் பதிக்கும் இழை அதைவிட மட்டமான பொருளன்று.

இழையின் அமைப்பு எளிது. நடுவே, ஒளி போகும் உள்ளகம். அதைச் சுற்றி, ஒளிவிலகல் எண் சற்றே குறைந்த கண்ணாடி உறை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது; ஒளியைச் சிறைப்படுத்த அதுவே போதும். உறையின் விட்டம் 125 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன். அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏறி 250 மைக்ரோமீட்டர் ஆகிறது. உள்ளகத்தின் விட்டத்தைப் பொறுத்து இழை இரு வகைப்படும். பன்முறை இழையில் உள்ளகம் 50 மைக்ரோமீட்டர் அகலம். ஒளி பல கோணங்களில் பல பாதைகளில் போகிறது. நேர்ப்பாதையில் போனது முன்னும், எதிரொளித்து எதிரொளித்துப் போனது பின்னுமாக வந்து சேர்வதால் துடிப்புகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் ஓஎம்3 வகைப் பன்முறை இழை 300 மீட்டரோடு நின்றுவிடுகிறது. ஒற்றைமுறை இழையின் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். அவ்வளவு குறுகிய இடத்தில் அகச்சிவப்பு ஒளி அலை ஒரே ஒரு வடிவில்தான் பரவ முடியும். பாதைகள் பிரிவதில்லை, துடிப்புகள் கலப்பதில்லை. 10 கிகாபிட் வேகத்தில் 10 கிலோமீட்டர் போவது அதற்குச் சாதாரணம்.

குறுந்தொலைவுக்குப் பன்முறை, நெடுந்தொலைவுக்கு ஒற்றைமுறை என்ற பழைய அறிவுரை இன்னும் பல இடங்களில் புழங்குகிறது. ஒற்றைமுறைக்கான லேசர்கள் விலை உயர்ந்திருந்த காலத்தில் அது சரியாக இருந்தது. இன்று வீட்டு இணைய நிறுவனங்கள் எல்லாம் ஒற்றைமுறை இழையையே தெருத்தெருவாக இழுக்கின்றன. அதனால் அதன் கேபிளும், கனெக்டரும், அதை ஒட்டத் தெரிந்த ஆட்களும் எளிதில் கிடைக்கிறார்கள். புதிதாகப் பதிப்பவர் ஒற்றைமுறையைத் தவிர வேறொன்றைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. அதிலும், வளைவைத் தாங்கும் ஜி.657.ஏ2 வகை கிடைத்தால் சுவர் மூலைகளில் கவலை குறையும்.

கேபிள் வாங்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். இழை கண்ணாடி என்பதால் கேபிள் முழுவதும் மின்கடத்தாது என்று எண்ணிவிடக் கூடாது. கடையில் முதலில் எடுத்துத் தரும் தட்டையான டிராப் கேபிளில், கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிடுவதற்காக ஓர் எஃகுக் கம்பி ஓரமாக ஓடும். மண்ணில் புதைப்பதற்கான ஆர்மர்டு கேபிளில், எலி கடிக்காதிருக்க நெளிவுள்ள எஃகுத் தகடு சுற்றப்பட்டிருக்கும். இவை ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து மற்றொரு கட்டடம் வரை தொடர்ந்தால், எந்தப் பாதையை அறுக்கக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தோமோ அந்தப் பாதை மீண்டும் திறந்துவிடுகிறது. ஆகவே முதல் தேர்வு, உலோகமே இல்லாத கேபிள். கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக் கம்பிகளும் அராமிட் நாரும் அதற்குப் பலம் தரும். கெவ்லர் என்ற பெயரில் பலரும் அறிந்த நார் அது. எஃகுக் கம்பி உள்ள டிராப் கேபிளே கிடைத்தால், தொங்கவிடும் கொக்கியோடு அந்தக் கம்பியை முடித்து, கட்டடத்துக்கு வெளியிலேயே வெட்டிவிட்டு, இழைப்பகுதியை மட்டும் உள்ளே விட வேண்டும். அது பிரித்தெடுக்க வசதியாகவே வார்க்கப்பட்டிருக்கும். ஆர்மர்டு கேபிளாக இருந்தால் கவசத்தைக் கருவிகளுக்கு எட்டாத தொலைவில் நிறுத்த வேண்டும். முறையாக எர்த் செய்யத் தெரிந்தவர் அதைக் கையாள்வது நல்லது.

வெளியில் போகும் கேபிளின் மேலுறை கறுப்புப் பாலிஎத்திலீனாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அதில் கலந்த கார்பன் கறுப்பு, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. வெள்ளையாகவும் மஞ்சளாகவும் கிடைக்கும் உட்புறக் கேபிளை வெளியே விட்டால் சில கோடைகளில் உறை வெடித்துவிடும். மறுபக்கம், பாலிஎத்திலீன் எளிதில் எரியும் பொருள். எனவே வெளிப்புறக் கேபிளை வீட்டுக்குள் நீளமாக ஓட்டாமல், நுழையும் இடத்திலேயே ஒரு பெட்டியில் முடித்து, அங்கிருந்து பேட்ச் கார்டு எனும் குட்டையான உட்புறக் கேபிளைப் போடுவது பாதுகாப்பு. எத்தனை இழை வேண்டும் என்ற கேள்விக்கு, தேவை ஒன்றோ இரண்டோ என்றாலும் நான்கு அல்லது ஆறு இழை உள்ளதை வாங்குவதே நல்ல கணக்கு. இழைகள் கூடுவதால் விலை அதிகம் ஏறுவதில்லை. செலவு பெரும்பாலும் பள்ளம் தோண்டுவதில்தான் போகிறது.

கேபிளை மண்ணில் நேராகப் புதைப்பதைவிடக் குழாய்க்குள் விடுவதே நீடித்து நிற்கும். கரையான் பாலிஎத்திலீன் உறையை அரிக்கும், பெருச்சாளி கடிக்கும், வேர் நெருக்கும், மண்வெட்டி வெட்டும். தடித்த ஹெச்டிபிஈ குழாய் இவை அனைத்தையும் ஓரளவு தடுக்கிறது. அதைவிட முக்கியம், கேபிள் பழுதானால் மீண்டும் தோண்டாமல் உருவி மாற்றலாம். ஒன்றரை அங்குலக் குழாய் வசதியானது, குறிப்பாக முனையில் கனெக்டர் பொருத்தி வரும் ஆயத்தக் கேபிளை நுழைப்பதாக இருந்தால். தொலைபேசித் துறை சாலையோரங்களில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் தோண்டி வந்தது. சொந்த வளாகத்தில் இரண்டடி ஆழம் பெரும்பாலும் போதும்; டிராக்டர் போகிற வழியிலும் உழவு ஓடுகிற இடத்திலும் மூன்றடி வேண்டும். குழாய்க்கு மேல் ஒரு அடி மண் போட்டபின், பளிச்சென்ற நிறமுள்ள எச்சரிக்கை நாடாவை விரித்து மூடினால், பின்னொரு நாள் தோண்டுபவருக்கு முதலில் நாடா தென்படும். மின்சாரக் கேபிள் போகும் பள்ளத்திலேயே போவதானால் தனிக் குழாயில், இடைவெளி விட்டுப் போக வேண்டும். உலோகமில்லா இழைக்கு மின்காந்தத் தூண்டலால் பாதிப்பு இல்லை. ஆனால் பின்னால் ஒன்றைப் பழுதுபார்க்க வருபவர் மற்றதை வெட்டிவிடக் கூடாது.

குழாயில் எவ்வளவு கவனமாக மூட்டுப் போட்டாலும் ஒருநாள் நீர் புகும், அல்லது உள்ளேயே ஆவி குளிர்ந்து தேங்கும். அதனால் வெளிப்புறக் கேபிளில், நீர் பரவாதபடி களிம்போ வீங்கும் நாரோ வைத்திருக்கிறார்கள். உட்புறக் கேபிள் குழாய்க்குள் பத்திரமாக இருக்கும் என்று நம்பிப் போடுவது சரியன்று. குழாயின் இரு வாய்களையும், நீரும் பூச்சியும் புகாதபடி அடைப்பது கட்டாயம். எறும்பும் பல்லியும் அந்த வழியாகத்தான் பெட்டிக்குள் குடியேறும்.

கேபிளை உள்ளே இழுக்கும்போது நைலான் கயிற்றை மேலுறையில் கட்டக் கூடாது. உறை நீண்டு, உள்ளே இருக்கும் இழை தனியே இழுபடும். அராமிட் நாரை வெளியே எடுத்து அதில் முடிச்சிட வேண்டும். இழுவிசையை வாங்குவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. இழுக்கும்போது கேபிளின் வளைவு ஆரம் அதன் விட்டத்தைப்போல் இருபது மடங்குக்குக் குறையக் கூடாது. ஓய்ந்த நிலையில் பத்து மடங்கு. குழாயில் செங்கோண முட்டுகளை வைக்காமல், நீண்ட வளைவுகளாக அமைப்பது இதற்காகத்தான். கேபிளோடு கூடவே இன்னொரு கயிற்றையும் இழுத்து உள்ளேயே விட்டுவைத்தால், அடுத்த முறை உதவும்.

வளைவைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்பதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று ஒளியைப் பற்றியது. இழை மிகக் கூர்மையாக வளைந்தால், எல்லையைச் சாய்வாகத் தொட வேண்டிய ஒளி செங்குத்தை நெருங்கித் தொட்டு, உறைக்குள் கசிந்து வெளியேறும். இந்த இழப்பு உடனே அளவியில் தெரியும். இன்னொன்று கண்ணாடியைப் பற்றியது. அது உடனே தெரிவதில்லை. வளைந்த இழையின் வெளிப்பக்கம் இழுபடுகிறது. இழையின் ஆரம் 62.5 மைக்ரோமீட்டர், அதை 30 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிப்பரப்பு 0.2 விழுக்காடு நீள்கிறது. 10 மில்லிமீட்டரில் வளைத்தால் 0.6 விழுக்காட்டுக்கும் மேல். தொழிற்சாலையில் ஒவ்வோர் இழையையும் ஒரு விழுக்காடு நீட்டிச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்தச் சோதனை ஒரு கணம்தான். பல ஆண்டுகள் நீட்சியிலேயே கிடக்கும் கண்ணாடியில், கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களுக்குள் ஈரம் புகுந்து, அவற்றை மெல்ல மெல்ல வளர்க்கிறது. இன்று நன்றாக வேலை செய்யும் இறுக்கமான வளைவு, மூன்றாம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ காரணமில்லாமல் உடைவது இதனால்தான். வளைவைத் தாங்கும் இழையும் ஒளி கசியாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, கண்ணாடியின் களைப்பை நீக்கிவிடாது. பெட்டிக்குள் மிச்ச இழையைச் சுருட்டும்போது உள்ளங்கை அகல வட்டமாக விட்டுவைப்பது இருவகையிலும் பாதுகாப்பு.

தோண்ட முடியாத இடத்தில் கேபிளைத் தொங்கவிடலாம். இரு சுவர்களிலும் கொக்கி அடித்து, கேபிளின் தாங்குபகுதியைக் கவ்வியில் பிடித்து, நடுவே சிறிது தொய்வு விட வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் இழுவிசை பல மடங்காகிறது. தென்னை மட்டை விழுந்தால் முதலில் அறுவதும் அதுதான். கேபிள் சுவருக்குள் நுழையும் துளைக்கு முன், கீழ்நோக்கி ஒரு தொங்கல் வளைவு கொடுத்தால், மழைநீர் அதன் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. துளையையும் வெளிப்பக்கம் தாழும்படி சாய்த்துப் போடுவது வழக்கம்.

கேபிள் போய்ச் சேர்ந்தபின், முனைகளை முடிக்கும் வேலை. இதற்கு மூன்று முறைகள் உண்டு. முனைகளில் கனெக்டர் பொருத்தியே விற்கும் ஆயத்தக் கேபிளை வாங்கினால் கருவி எதுவும் தேவையில்லை. நீளத்தை முன்கூட்டியே சரியாக அளந்து, சில மீட்டர் கூட்டிச் சொன்னால் போதும். இரண்டாவது, ஃபாஸ்ட் கனெக்டர். இழையை வெட்டி, உள்ளே களிம்பு வைத்த ஒரு கனெக்டருக்குள் செருகுவது. விரைவில் முடியும், ஆனால் வெயிலிலும் தூசியிலும் நாளடைவில் தளரலாம். நீடிப்பது மூன்றாவது முறையான உருக்கி ஒட்டுதல். இரு இழைகளின் முனைகளைச் சுத்தமாக வெட்டி, நேருக்கு நேர் நிறுத்தி, மின்வில்லில் 1,600 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஒரே கண்ணாடியாக்கிவிடுகிறது ஸ்ப்ளைசிங் மெஷின். நல்ல ஒட்டில் இழப்பு 0.1 டெசிபெல்லுக்கும் குறைவு. மெஷின் விலை அதிகம். ஆனால் உள்ளூர் கேபிள் நிறுவனத்துக்காக வேலை செய்பவர்களிடம் அது இருக்கிறது. நான்கைந்து ஒட்டு போட அவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இழைகளின் வரிசையை நிறத்தால் அறியலாம்: முதலாவது நீலம், பிறகு ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை. இரு முனையிலும் அதே வரிசையைப் பின்பற்றினால் குழப்பம் இல்லை.

வெட்டும்போது விழும் துண்டுகள் ஒவ்வொன்றும் ஊசிமுனைக் கண்ணாடி. தோலில் புகுந்தால் எடுப்பது கடினம், கண்ணில் பட்டால் பெருந்துன்பம். கறுப்புத் துணி விரித்து வேலை செய்து, துண்டுகளை ஒட்டு நாடாவில் சேகரித்து மூடிய புட்டியில் போட வேண்டும். அந்த மேசையில் சாப்பிடக் கூடாது. குழந்தைகள் அருகில் வரக் கூடாது. இழையின் வாயை எட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். அதில் வரும் ஒளி அகச்சிவப்பு; கண்ணுக்குத் தெரியாது, கூசவும் செய்யாது. வீட்டுக் கருவிகளின் லேசர் வலு குறைந்ததுதான். ஆனால் எந்த இழையில் எது வருகிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

கனெக்டரின் நிறத்துக்கும் பொருள் உண்டு. நீலமானது, முனை சாய்வில்லாமல் தேய்க்கப்பட்ட யுபிசி. பச்சையானது, எட்டு டிகிரி சாய்த்துத் தேய்க்கப்பட்ட ஏபிசி. இணைய நிறுவனம் வீட்டுக்குத் தரும் இழை பெரும்பாலும் பச்சையில் முடியும். ஸ்விட்ச்சுகளில் செருகும் ஒளி மாட்யூல்கள் நீலம். பச்சையையும் நீலத்தையும் நேராக இணைத்தால் நடுவே ஆப்பு வடிவில் காற்று இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், முனைகளும் கீறலாம். எந்த நிறமானாலும், இணைப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் முனையைத் துடைக்க வேண்டும். ஒளி போகும் வழி 9 மைக்ரோமீட்டர்தான். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியே அதை மறைத்துவிடும். விரல் பட்டால் எண்ணெய்ப் படலம் ஒட்டும். பஞ்சில்லாத துடைப்பானும் தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும், அல்லது அழுத்தினால் துடைத்துவிடும் பேனா வடிவக் கருவியும் போதும். புதிய கேபிளையும் துடைத்தே இணைக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடிக்குள்ளிருந்தே தூசி வருவதுண்டு. ஒளியிழை இணைப்பு சரியாக வேலை செய்யாத இடங்களில், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த முனைகளைத்தான்.

மின்சமிக்ஞையை ஒளியாக்கவும் ஒளியை மீண்டும் மின்சமிக்ஞையாக்கவும் இரு முனையிலும் ஒரு கருவி தேவை. மிக எளியது மீடியா கன்வர்ட்டர்: ஒருபக்கம் ஈதர்நெட், மறுபக்கம் இழை. ஸ்விட்ச்சில் எஸ்எஃப்பி துளை இருந்தால் அதில் சிறு மாட்யூலைச் செருகினாலே போதும். பழைய முறையில் போக ஓர் இழை, வர ஓர் இழை என்று இரண்டு தேவைப்பட்டன. இப்போது ஒரே இழையில் இரு அலைநீளங்களைப் பயன்படுத்தும் மாட்யூல்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஒரு முனை 1,310 நானோமீட்டரில் அனுப்பி 1,550இல் வாங்கும். மறுமுனை அதற்கு எதிர்மாறாக. இவற்றைச் சோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒரே வகையில் இரண்டு வாங்கிவிட்டால் இரண்டும் ஒரே அலைநீளத்தில் அனுப்பும், இரண்டுக்கும் எதுவும் கேட்காது. வேகமும் இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடுதல் வலு நல்லது என்று 80 கிலோமீட்டர் மாட்யூலை வாங்குவதும் பிழை. அதன் ஒளி நூறு மீட்டரில் சற்றும் தேயாமல் வந்து சேர்ந்து, மறுமுனை உணர்வியைத் திணறடிக்கும், சிலவேளை கெடுத்தேவிடும். 10 கிலோமீட்டருக்கு என்று எழுதப்பட்டதே வீட்டுக்கு ஏற்றது. இன்னொரு குழப்பமும் அடிக்கடி எழுகிறது: இணைய நிறுவனத்தின் இழையையே பிளந்து இரண்டாம் கட்டடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று. அந்த இழை நிறுவனத்தின் மோடத்தோடு முடிகிறது. அதே இழையில் இன்னொரு மோடம் வைக்க நிறுவனத்தின் பதிவு வேண்டும். ரூட்டரின் ஈதர்நெட் துளைக்குப் பிறகே சொந்த இழை தொடங்க வேண்டும்.

இணைப்பு முடிந்ததும் இழப்பைக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூறு மீட்டர் இழையில் 0.04 டெசிபெல்லுக்கும் குறைவு. இரு ஒட்டுகளுக்கு 0.2. கனெக்டர் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தாராளமாக 0.5 என்று வைத்தால், இரண்டுக்கு 1. மொத்தம் 1.25 டெசிபெல் அளவு. ஒரு கிகாபிட் மாட்யூல் சோடி ஏறக்குறைய 10 டெசிபெல் இழப்பைத் தாங்கும் என்பதால், இது மிக வசதியான நிலை. இந்தக் கணக்கில் கண்ணாடியின் பங்கு எவ்வளவு சிறிது, முனைகளின் பங்கு எவ்வளவு பெரிது என்பதைக் கவனித்தால், உழைப்பை எங்கே செலவிட வேண்டும் என்பது தெளிவாகும். பவர் மீட்டரில் காட்டும் இழப்பு மூன்று டெசிபெல்லைத் தாண்டினால் ஒளியில் பாதி வழியிலேயே தொலைகிறது என்று பொருள். எங்கோ அழுக்கோ இறுக்கமான வளைவோ இருக்கிறது. ஒரு முனையில் சிவப்பு லேசர் விளக்கைச் செருகினால், உடைந்த இடத்திலும் கசியும் வளைவிலும் மெல்லிய உறையையும் தாண்டிச் சிவப்பு ஒளி தெரியும். மீட்டர் இல்லாதபோதும், பல எஸ்எஃப்பி மாட்யூல்கள் தாம் வாங்கும் ஒளியின் வலுவைத் தாமே அளந்து, ஸ்விட்ச்சின் பக்கத்தில் எண்ணாகக் காட்டும். முதல்நாள் எண்ணைக் குறித்து வைத்தால், பின்னாளில் பழுது எங்கே என்று தேட அது அடிப்படையாகும்.

கண்ணாடி தடுக்காத ஒன்று மிச்சமிருக்கிறது. இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மறுமுனைக் கருவிக்கு அங்கேயே மின்சாரம் வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு மின்சாரம் முதல் கட்டடத்திலிருந்தே போகிறதென்றால், அந்த மின்கம்பி வழியே மின்னலின் எழுச்சி வரத்தான் செய்யும். வலைப்பின்னல் வழியை அடைத்தது பாதி வேலை. ஒவ்வொரு கட்டடத்தின் மின்பலகையிலும் எழுச்சித் தடுப்பியும் சரியான எர்த்தும் இருந்தால்தான் மறுபாதி முடியும். கேமராவுக்கோ ஆன்டெனாவுக்கோ கட்டடத்துக்கு வெளியே செம்புக் கேபிள் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். கூரையில் இருக்கும் ஒரு கேமராவின் கேபிளே மின்னலை ஸ்விட்ச்சுக்கு இறக்கிவிடலாம்.

பதித்த கண்ணாடியின் ஆயுள், அதன் இரு முனைகளில் உள்ள கருவிகளின் ஆயுளைவிடப் பல மடங்கு நீண்டது. இன்று ஒரு கிகாபிட்டுக்குப் பயன்படும் அதே இழை, மாட்யூல்களை மாற்றினால் நாளை பத்து கிகாபிட்டைச் சுமக்கும். தோண்டவோ இழுக்கவோ வேண்டியதில்லை. பயன்படாத இழைகளையும் இப்போதே ஒட்டி, மூடியிட்டு, பெட்டியில் எண்ணிட்டு வைத்துவிடலாம். குழாய் போகும் வழியைச் சுவரிலிருந்தும் மரங்களிலிருந்தும் அளந்து ஒரு தாளில் வரைந்து, ஆழத்தையும் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைக்க வேண்டும். அடுத்த முறை தென்னங்கன்றுக்குக் குழி வெட்டவோ போர் போடவோ ஆள் வரும்போது அந்தத் தாள் தேவைப்படும்.